மரம் சாயும் முன் ஒரு குச்சி!

"ஐயா, எங்கள் கிணற்று மேட்டில் தாத்தா காலத்து நாட்டு மாமரம் ஒன்று இருக்கிறது. ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் காய்ப்பதில்லை. பழம் சிறியது, நார் அதிகம். ஊறுகாய்க்கு மட்டும் அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிப் போகிறார்கள். வெட்டிவிட்டு ஒட்டுக் கன்று வைக்கலாமா?"

சென்ற மாதம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. ஆசிரியர் குழுவினர் எனக்கு அனுப்பி, நாலு வரியில் பதில் கேட்டார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால் நாலு வரிகூட வேண்டியிருக்காது. "வெட்டிவிடுங்கள், நீலமும் பங்கனபள்ளியும் வையுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அப்படிச் சொல்லி ஒரு குடும்பத்துக்கு நான் ஏற்படுத்திய நஷ்டம் இன்றும் மனதில் இருக்கிறது. அதனால்தான் பதில் ஒரு கட்டுரையாக நீண்டுவிட்டது.

வரப்பில் நின்ற ஐந்து மரங்கள்

1998-ம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. உத்திரமேரூரில் இருந்து சாலவாக்கம் போகும் வழியில் உள்ள ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயியின் கழனி ஓரத்தில் ஐந்து மாமரங்கள் நின்றன. எல்லாமே கொட்டை போட்டு முளைத்தவை. நான்குக்கு அந்தக் குடும்பமே பேர் வைத்திருந்தது. சக்கரைக்குட்டி, மோர் மாங்காய், சீரக மாங்காய், தேங்காய் மாங்காய். ஐந்தாவதற்குப் பேர் இல்லை. சீரக மாங்காயின் காம்பைக் கிள்ளினால் பாலில் சீரக வாசனை வரும். தேங்காய் மாங்காய் காயாக இருக்கும்போதே புளிக்காது. தேங்காய்ப் பத்தை மாதிரி கடித்துத் தின்னலாம்.

நான் கல்லூரியில் படித்த பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தேன். காய்ப்பு ஒழுங்கில்லை, சந்தையில் பேர் இல்லை, நிழல் விழுந்து நெல் பாழாகிறது. "நாலு மரத்தை எடுத்துவிட்டு, மேட்டு நிலத்தில் ஒட்டு மா தோப்பு போடுங்கள்" என்றேன். அவரும் நம்பிச் செய்தார். தோப்பு நன்றாகவே வந்தது, அதில் குறை இல்லை. வீட்டுப் பெண்கள் பிடிவாதம் பிடித்ததால் தேங்காய் மாங்காய் மட்டும் தப்பியது.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தது. நான்காம் நாள் பயிர்ச்சேதக் கணக்கெடுக்கப் போனபோது அந்த மரம் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. அடிமரத்தை அறுத்துச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டார்கள். கிளைகள் வெயிலில் சுருண்டு காய்ந்து கிடந்தன.

அந்த விவசாயி என்னைக் கோபிக்கவில்லை. "புயல் அடிச்ச பிறகு பாக்க வர்றீங்களே சார், ஆடி மாசம் வந்திருந்தா ரெண்டு ஒட்டு கட்டி வெச்சிருக்கலாமே" என்றார். அவர் சும்மா இருக்கவும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்பே அந்த மரத்தின் கொட்டையை ஊன்றி மூன்று மரம் வளர்த்திருந்தார். மூன்றும் காய்த்தன. மூன்றும் கடும் புளிப்பு.

கொட்டை போட்டால் ஏன் அதே மரம் வருவதில்லை?

நெல்லுக்கும் மாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நெல் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். மாப்பிள்ளைச் சம்பாவை விதைத்தால் மாப்பிள்ளைச் சம்பாவே வரும். மாமரம் பெரும்பாலும் ஈக்கள், பூச்சிகள் கொண்டுவரும் அயல் மகரந்தத்தால் காய் பிடிக்கிறது. நம் பக்கத்து மாங்கொட்டையில் பெரும்பாலும் ஒரே ஒரு கருதான் இருக்கும். அது தாய் மரமும், எந்த மரம் என்றே தெரியாத தகப்பன் மரமும் கலந்து உண்டானது. ஆக, முளைப்பது ஒரு புது மரம்.

கேரளக் கடற்கரைப் பக்கத்து ஒலூர், சந்திரக்காரன், குருக்கன் போன்ற ரகங்களில் ஒரே கொட்டையில் இருந்து பல முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும். அதனால்தான் அவற்றை வேர்ச்செடிக்கு விரும்புகிறார்கள். நம் உள்நாட்டு ரகங்களில் அந்த வசதி இல்லை.

கொட்டையில் முளைத்த ஒவ்வொரு நாட்டு மரமும் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்பது இதன் பொருள். பலாவும் அப்படி. புளியும் அப்படி. அந்த மரம் போனால் அந்தச் சுவை, அந்த வாசனை, வறட்சியைத் தாங்கிய அந்தக் குணம் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

"விதை வங்கியில் சேமித்து வைக்கக் கூடாதா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவில், பனிமலைக்குள் 2008-ல் திறந்த உலக விதைப் பெட்டகம் இருக்கிறது. கழிவு 18 டிகிரி குளிரில் லட்சக்கணக்கான விதை மாதிரிகளை அங்கே வைத்திருக்கிறார்கள். அங்கேகூட மாங்கொட்டையை வைக்க முடியாது. மா, பலா, நாவல் போன்றவற்றின் விதைகள் காய்ந்தாலும் செத்துவிடும், குளிர வைத்தாலும் செத்துவிடும். மாங்கொட்டையின் முளைப்புத்திறன் ஒரு மாதத்துக்குள் போய்விடுகிறது. புளியங்கொட்டையை உலர்த்திச் சேமிக்கலாம். ஆனால் அதில் வரும் கன்று தாய் மாதிரி இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

ஆகவே இந்த மரங்களை உயிரோடு, மரமாகத்தான் காக்க முடியும். அதற்கு உள்ள எளிய வழி, தாய் மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டுவது.

ஊர் மரம்தான் ரகம் ஆனது

"நாட்டு மரத்தைக் காப்பாற்றி என்ன வருமானம்?" என்ற கேள்வி நியாயமானது. பதிலை நம் ஆராய்ச்சி நிலையங்களின் ரகப் பட்டியலே சொல்கிறது.

பாலூர் 1 பலாவைப் பலர் வைத்திருப்பீர்கள். பண்ருட்டி பக்கம் பணிக்கன்குப்பத்தில் இருந்த நாட்டுப் பலாவில் தேர்ந்தெடுத்த ரகம் அது. முந்திரியில் வி.ஆர்.ஐ. 3 ரகத்துக்கு ஈடு இல்லை என்பார்கள். இடையன்சாவடி என்ற கிராமத்தில் அதிகம் காய்த்த ஒரு மரத்தின் வழி வந்ததை விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்வு செய்தார்கள். பெரியகுளம் 1 புளி, எண்டப்புளி என்ற ஊரின் நாட்டுப் புளியில் இருந்து வந்தது. மூன்றுக்கும் தொடக்கம், யாரோ ஒரு விவசாயி வெட்டாமல் விட்ட மரம்.

நம் தென்னாட்டு நீலம் மாவின் கதை இன்னும் பெரிது. ஆண்டு தவறாமல் காய்க்கும் குணத்துக்காக அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் இனக்கலப்பு செய்தார்கள். டெல்லியில் உருவான மல்லிகா, அம்ரபாலி இரண்டிலும் நீலம் பெற்றோர். மகாராஷ்டிரத்தின் வெங்குர்லாவில் அல்போன்சாவோடு சேர்ந்து ரத்னா ஆனது. பெரியகுளத்தில் சின்னசுவர்ணரேகாவோடு சேர்ந்து பெரியகுளம் 1 மா ஆனது. நீலத்துக்குக் கொட்டை வண்டு தொல்லை அதிகம், பழமும் சின்னது. அந்தக் குறைகளுக்காக யாராவது அதைப் பூண்டோடு அழித்திருந்தால் இந்த ரகங்கள் எதுவும் இல்லை.

நேரடி வருமானத்துக்கும் உதாரணம் இருக்கிறது. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்து விவசாயி ஒருவரின் நிலத்தில் அவர் தந்தை வைத்த ஒரே ஒரு பலாமரம். பழம் சுமார் இரண்டரை கிலோதான். சுளை செம்பு நிறம், நல்ல சுவை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆராய்ந்து, 2017-ல் அவரோடு ஒப்பந்தம் போட்டது. ரகத்துக்குச் 'சித்து' என்று அவர் தந்தையின் பெயரையே வைத்தார்கள். ஒட்டுக் கன்று விற்பனையில் 75 சதவீதம் அந்த விவசாயிக்கு. உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் பழமாகக் கொடுத்துவந்த மரம், கன்றாக விற்றுக் குடும்பத்துக்கு லட்சங்களைக் கொடுத்தது.

ஒரே ரகத்தை நம்பினால்…

உலகச் சந்தையை ஒரு காலத்தில் ஆண்ட வாழை 'குரோ மிஷேல்'. பக்கக்கன்றில் இருந்தே பெருக்கியதால் எல்லாத் தோட்டத்திலும் அச்சு அசலாக ஒரே செடி. பனாமா வாடல் நோய் வந்தபோது ஒரு செடிக்கு வந்தது எல்லாச் செடிக்கும் வந்தது. 1960 வாக்கில் பெரிய வாழைக் கம்பெனிகளே அதைக் கைவிட்டு கேவண்டிஷ் இனத்துக்கு மாறின. நாம் போடும் ஜி-9 அந்தக் கேவண்டிஷ்தான். இப்போது அதையும் தாக்கும் வாடல் நோய் பல நாடுகளில் பரவி, நம் நாட்டில் பீகார் வரை வந்திருக்கிறது.

வாழைக்கு நேர்ந்தது மரங்களுக்கும் நேரலாம். தோப்பு முழுக்க ஒரே ரகம் என்றால், பூக்கும் வாரத்தில் ஒரு மழை பெய்தால் எல்லாப் பூவும் ஒன்றாகக் கருகும். முன்பூப்பு, நடுப்பூப்பு, பின்பூப்பு என்று கலந்து இருந்தால் ஏதோ ஒன்று பிழைக்கும். தசேரி, லங்கடா போன்ற சில மா ரகங்கள் தன் மகரந்தத்தால் காயே பிடிக்காது. பக்கத்தில் வேறு ரகம் இருந்தே ஆகவேண்டும். தோப்பின் ஓரத்தில் நிற்கும் நாட்டு மரம் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறது.

நம் காட்டு மரங்களையும் மறந்துவிடக் கூடாது. சப்போட்டா மெக்சிகோ பக்கத்தில் இருந்து வந்த மரம். அதைப் பெரும்பாலும் எந்த வேரின்மேல் ஒட்டுகிறார்கள் தெரியுமா? நம் கோயில் காடுகளிலும் ஏரி ஓரத்திலும் தானாக வளரும் பாலை மரத்தின்மேல். உலக்கைப் பாலை என்றும் சொல்வார்கள். ஒட்டு இலந்தைக்கு வேர் கொடுப்பது வேலியோரத்து முள் இலந்தை. பாலைப்பழம் தின்னும் பழக்கம் போய், மரமும் போய்விட்டால், நாளைக்குச் சப்போட்டா நாற்றங்காலுக்கு விதை எங்கே தேடுவது?

பதினேழாம் நம்பர் புளியமரம்

தேங்காய் மாங்காயை விட்டதில் கற்ற பாடம், நான்கு ஆண்டுகளுக்கு முன் பயன்பட்டது. எங்கள் வட்டாரத்தில் ஒரு சாலையை அகலப்படுத்த இருபுறமும் இருந்த புளியமரங்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பில் நம்பர் போட்டிருந்தார்கள். மாசி மாதம். புளி உலுக்கும் நேரம். ஏலம் எடுத்தவரின் ஆட்கள் கோது நீக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா ஒரு மரத்துப் புளியை மட்டும் தனிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது ஏம்மா தனியா?"

"இது பதினேழாம் நம்பரு சார். இந்தப் புளி ரெண்டு வருஷம் பானையில கெடந்தாலும் கறுக்காது. செவசெவன்னு அப்படியே இருக்கும். நார் கம்மி. எங்க மாமியார் காலத்துல இருந்து வூட்டுக்கு இதான்."

புதுப்புளி பழம்புளியாகக் கறுப்பதுதான் வியாபாரிகளுக்குப் பெரிய நஷ்டம். அதற்காகவே குளிர்கிடங்குக்கு வாடகை கொடுக்கிறார்கள். கறுக்காத புளி ஒன்று சாலையோரத்தில் நின்றிருக்கிறது. கோது உரிக்கும் பெண்களைத் தவிர அது யாருக்கும் தெரியவில்லை. பட்டம் வாங்கிய நான் அந்தச் சாலையில் இருபது வருஷம் போய்வந்திருக்கிறேன்.

மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன் அனுமதி கேட்டு, ஏணி வைத்து, நாற்பது குச்சிகள் எடுத்தோம். தெரிந்த நாற்றங்காலில் ஒரு வயதுப் புளிக் கன்றுகள் இருந்தன. அவற்றில் மென்தண்டு ஒட்டுக் கட்டியதில் 22 பிழைத்தன. பள்ளிக்கூட வளாகம், ஏரிக்கரை, நாலைந்து விவசாயிகளின் கொல்லை என்று பிரித்து நட்டோம். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் நட்டால் ஒரே நாளில் எல்லாம் போகலாம். இரண்டு கன்றுகள் அந்த அம்மாவின் வீட்டுப் பின்புறத்தில் இருக்கின்றன. இந்த ஆனியில் ஒன்று முதல் பூ வைத்திருக்கிறது. புளி கறுக்கிறதா, கறுக்கவில்லையா என்று சொல்ல இன்னும் இரண்டு மூன்று காய்ப்பு பார்க்கவேண்டும்.

புளியமரத்துக்கு இவ்வளவு பாடா என்று நினைக்க வேண்டாம். 2007-ல் இந்தியாவின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகக் கர்நாடக அரசு அறிவித்தது, பெங்களூரை அடுத்த தேவனஹள்ளி பக்கத்தில் உள்ள நல்லூர்ப் புளியந்தோப்பை. 54 ஏக்கரில் நூற்றாண்டுகள் கண்ட புளியமரங்கள் அங்கே நிற்கின்றன.

எப்படிச் செய்வது?

முதலில் கணக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மரம் இருக்கும் இடம், ஊரார் வைத்த பேர், பூக்கும் மாதம், பழுக்கும் மாதம், பத்துப் பழத்தின் சராசரி எடை, நார், கொட்டை அளவு, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எதற்குப் பயன்படும் என்று எழுதுங்கள். பூச்சி, நோய், வறட்சியில் எப்படி நின்றது என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்களுக்கும், காய் பறிக்க மரம் ஏறுபவர்களுக்கும்தான் இந்த விவரம் தெரியும். அவர்களைக் கேளுங்கள்.

அடுத்து வேர்ச்செடி. இப்போது ஆனி மாதம், மாங்கொட்டை கிடைக்கும் காலம். பழம் தின்ற இரண்டு வாரத்துக்குள் ஊன்றிவிடுங்கள். வண்டுத் துளை உள்ள கொட்டையை ஒதுக்குங்கள். மேல் ஓட்டைக் கவனமாக நீக்கி உள் பருப்பை மட்டும் ஊன்றினால் முளைப்பு சீராக வரும்.

பிறகு ஒட்டுக்குச்சி. பூக்காத, மூன்று நான்கு மாத வயதுள்ள, பென்சில் கனம் உள்ள நுனிக் குச்சியைத் தேர்ந்தெடுங்கள். மரத்திலேயே இருக்கும்போது இலைகளை நறுக்கிக் காம்பை மட்டும் விட்டுவிடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் காம்புகள் உதிர்ந்து நுனி மொட்டு பருத்துவிடும். அப்போது வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் வைத்து அன்றைக்கோ மறுநாளோ ஒட்டுக் கட்டிவிடுங்கள்.

கொட்டை ஒட்டு முறைக்கு, முளைத்துப் பத்துப் பதினைந்து நாளான, செம்பு நிறத் தளிர் உள்ள கன்று வேண்டும். கொட்டைக்கு மேல் நாலு விரற்கடை விட்டுத் தலையை வெட்டி, நடுவில் ஒன்றரை அங்குலம் பிளந்து, ஆப்பு போல் சீவிய குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டவேண்டும். மேலே சிறு பாலித்தீன் உறை கவிழ்த்து நிழலில் வையுங்கள். மூன்று வாரத்தில் துளிர்க்கும். காற்றில் ஈரம் உள்ள ஆடி முதல் புரட்டாசி வரை ஏற்ற காலம். புளிக்கும் நாவலுக்கும் எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கன்றில் மென்தண்டு ஒட்டு நல்லது. பலாவுக்கு இரண்டு முறையும் பொருந்தும்.

புயல், வறட்சி பயம் உள்ள இடத்தில் கொட்டையை நடும் இடத்திலேயே ஊன்றி, கன்று வளர்ந்தபின் அங்கேயே ஒட்டுக் கட்டுங்கள். ஆணிவேர் அறுபடாது. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயலில் கடலூர் மாவட்டத்தின் பலாவும் முந்திரியும் சாய்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

ஒரே மரத்தில் நான்கு சுவை

"இத்தனை ரகத்துக்கும் இடத்துக்கு எங்கே போவது?" என்பது சிறு விவசாயிகளின் கேள்வி. அதற்குக் காஞ்சிபுரத்திலேயே விடை இருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயில் தல விருட்சமான மாமரம், நான்கு கிளையில் நான்கு சுவைப் பழம் தரும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. அதை இன்று எந்த விவசாயியும் தன் கொல்லையில் செய்யலாம்.

உத்தரப்பிரதேசத்தில் மலிஹாபாத் ஊர்க்காரரான கலீமுல்லா கான், நூறு வயது கடந்த ஒரே மாமரத்தில் முந்நூறு ரகங்களை ஒட்டியிருக்கிறார். 2008-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நமக்கு முந்நூறு வேண்டாம், நான்கு போதும்.

ஐந்து முதல் பத்து வயது மரத்தில், அறுவடை முடிந்ததும் ஒன்றிரண்டு கிளையை மட்டும் வெட்டிவிடுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள். வரும் துளிர்களில் மூன்று நான்கை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். அவை பென்சில் கனம் ஆனதும் நாட்டு மரத்துக் குச்சியை ஒட்டுங்கள். மீதிக் கிளைகள் வழக்கம்போல் நீலமோ பங்கனபள்ளியோ காய்த்துக்கொண்டிருக்கும். வருமானமும் குறையாது, ரகமும் போகாது. தண்டு துளைப்பான் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்ட வாரியம் இன்றைக்கும் உண்டு

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தல் என்று எல்லோரும் படித்திருப்பீர்கள். முப்பது குடும்பில் இருந்து முப்பது பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். மீதிப் பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். ஏரிக்கு ஆறு பேரை வைத்த ஊர், தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேரை வைத்திருந்தது.

இன்றைக்கும் சட்டப்படி அப்படி ஒரு குழு இருக்கிறது. 2002-ம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிப்பது அதன் வேலை. உங்கள் நோட்டில் எழுதிய மர விவரத்தை அந்தப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கிராமசபைக் கூட்டத்தில் கேட்கலாம்.

தனிச்சிறப்பான மரம் என்றால், 2001-ம் ஆண்டு பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உழவர் ரகமாகப் பதியலாம். விவசாயிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. மர ரகத்துக்கு 18 ஆண்டு வரை பாதுகாப்பு கிடைக்கும். பாரம்பரிய ரகங்களைக் காத்துவரும் விவசாயிகளுக்கு விருதும் பணமுடிப்பும் உண்டு. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்தால் விண்ணப்பிக்க உதவுவார்கள்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

மரம் மிக வயதானது, ஒட்டுக்கு ஏற்ற இளங்குச்சியே இல்லை. என்ன செய்வது?

கைக்கு எட்டும் ஒரு சிறு கிளையை அறுவடை முடிந்ததும் வெட்டிவிட்டுத் தண்ணீர் காட்டுங்கள். புதுத்துளிர் வரும். மூன்று நான்கு மாதத்தில் அதில் இருந்து குச்சி எடுக்கலாம்.

கிழட்டு மரத்தின் குச்சியில் கட்டிய ஒட்டு சீக்கிரம் செத்துவிடாதா?

இல்லை. வேர் புதியது, துளிர் புதியது. ஒட்டுக் கன்று விதைக் கன்றைவிடப் படர்ச்சியில் சிறியதாக இருக்கும். பறிப்பதற்கு அது வசதியும்கூட.

எத்தனை ஆண்டில் காய்க்கும்?

மா ஒட்டு மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே பூக்கும். முதல் மூன்று ஆண்டுப் பூவைக் கிள்ளிவிடுங்கள். பலாவும் புளியும் நான்கு ஐந்து ஆண்டில் காய்ப்புக்கு வரும்.

ஒட்டுக் கட்டத் தெரிந்த ஆள் இல்லையே?

அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கற்றுத்தருகிறார்கள். ஒரு நாள் பார்த்து, இருபது கன்றில் கை பழகினால் போதும். முதல் இருபதில் பாதி போனாலும் சோர்ந்துபோகாதீர்கள். எனக்கு முதல் முறை பதினெட்டு போனது.

இனி, கிணற்று மேட்டு மாமரத்துக்காரருக்கு என் பதில். ஐயா, உங்கள் மரத்தை இப்போதைக்கு வெட்டாதீர்கள். அக்கம்பக்கத்தார் ஊறுகாய்க்குத் தேடி வருகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நார் உள்ள சிறு காய், நல்ல புளிப்பு என்றால் வடுவுக்கும் ஊறுகாய்க்கும் அதுதான் உகந்தது. அடுத்த காய்ப்பில் வடுவாகப் பறித்துக் கிலோ என்ன விலை போகிறது என்று பாருங்கள். இந்த ஆடியிலேயே ஐந்து ஒட்டுக் கட்டி, இரண்டை நீங்கள் வைத்துக்கொண்டு மூன்றை மூன்று வேறு வீட்டுக்குக் கொடுங்கள். அவை பிழைத்து ஒரு காய்ப்பு பார்த்த பிறகும் இடம் வேண்டும் என்று தோன்றினால், தாய் மரத்தை எடுங்கள். அப்போது உங்களுக்கு நான் தடை சொல்லமாட்டேன். ஒட்டுக் கட்ட ஆள் கிடைக்கவில்லை என்றால் இதழுக்கு எழுதுங்கள், குச்சியைச் சீவும் கத்தியோடு நானே வருகிறேன்.